சாமிக்கு இன்னும் வேலை முடியவில்லை

வனப் பூங்காவில் தொண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு, அந்த நாற்காலியை உங்களுக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன் எழுதுவது. பயப்படாதீர்கள், அறிவுரை குறைவாகத்தான் இருக்கும். என் மனைவி எனக்கு அந்தப் பழக்கத்தை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

உங்கள் மேசையில் தொலைபேசி அடிக்கும். பூங்காவுக்கு ஏதாவது உதவி செய்ய ஆசை என்று ஒரு குரல் சொல்லும். நீங்கள் சந்தோஷப்படுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "யானைக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்ன வேலை இருக்கிறது என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். ஒருவர் வான் நிறையப் பூசணிக்காயோடு வாசலில் வந்து நின்றார். ஒரு டாக்டர், குட்டி யானைகளுக்கு விட்டமின் குளிசை கொடுக்கலாமா என்று விசாரித்தார். ஒரு இளம் தம்பதி தங்கள் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை யானைகளுக்கு முன்னால் வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டுமென்று அடம் பிடித்தார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். அதுதான் தொல்லை.

நமக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. சிங்களத்தில் கந்தபான என்று சொல்லும் உண்ணிச்செடி புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது, அதை வேரோடு பிடுங்க ஆள் வேண்டும். குளத்துக் கரையில் பொலித்தீன் பொறுக்க ஆள் வேண்டும். மின்வேலி ஓரமாக நடந்து கம்பி எங்கே விழுந்து கிடக்கிறது என்று வந்து சொல்ல ஆள் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் பாஷையில் கதை சொல்ல ஆள் வேண்டும். இதில் எதையும் அழகாகப் படம் பிடித்துப் போட முடியாது. ஆகவே, "ஒன்றும் கொண்டு வராதீர்கள், கையை மட்டும் கொண்டு வாருங்கள்" என்று நீங்கள் சொன்னவுடன் மறுபக்கம் குரல் வாடிவிடும். ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு பிஸ்கட் பக்கட்டாவது வாங்கிக்கொண்டு போகிற ஜனம் நாங்கள். வெறுங்கையோடு போகச் சொன்னால் ரோசம் வரத்தானே செய்யும்.

அந்த ரோசத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கத்தோலிக்கன். இரத்தினபுரிக்குத் தெற்கே இருக்கும் நம்முடைய பூங்காவில் எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், மூன்று பாஷையிலும் ஆட்களைச் சமாளிப்பேன் என்பதுதான். சிங்களமும் இங்கிலீசும் தினமும் ஓடின. தமிழ் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அப்படியிருக்கும்போது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தலைவி தெய்வானை அக்கா. கொழுந்து எடுப்பவர், மாதர் சங்கத்துக்குத் தலைவி, குரல் மட்டும் மூன்று மலைக்குக் கேட்கும்.

"தம்பி, யான பாக்க வரலிங்க. வேல செய்ய வந்திருக்கோம். எடத்தக் காட்டுங்க" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. யானைக்கு என்ன கொண்டு வரட்டும் என்று கேட்காத முதல் கூட்டம் அது.

காட்டுக்குள் ஜீப் பாதை பிரியும் ஓர் இடத்தில், பெரிய வீரை மரத்துக்குப் பக்கத்தில், உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அங்கே கொண்டுபோய் விட்டேன். நான் காவலுக்கு வந்த அலுவலரோடு பேசிவிட்டுத் திரும்புவதற்குள் மரத்தடியில் ஒரு கல் நின்றது. மஞ்சள், குங்குமம், வெற்றிலை எல்லாம் ஆகியிருந்தது. கல்லுக்கு முன்னால் கத்திகளும் மண்வெட்டிகளும் வரிசையாகப் படுத்திருந்தன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலைச் செடி மறுபடி துளிர்க்க அதைத் தாழ வெட்டிவிடும் கவ்வாத்து வேலை தொடங்கும்போது, கத்தி காலில் படாமல் இருக்க, மலையில் ஒரு கல்லை வைத்துக் கும்பிடுவார்கள். கவ்வாத்துச் சாமி. வேலை முடிகிறவரை அந்தச் சாமி அங்கேயே காவலுக்கு இருக்கும். முடிந்ததும் ஒரு பூசை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

உண்ணிச்செடி வெட்டுவதும் கத்தி வேலைதானே. ஆகவே சாமி வந்துவிட்டது. அவர்கள் வெட்டிய வேகத்தைப் பார்த்தால், சாமி இல்லாமல் இருந்திருந்தால் எனக்கே பயமாகத்தான் இருந்திருக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடுகிற மழை இல்லை. பாதி இடம் மிச்சமிருக்க, எல்லாரும் நனைந்து கொண்டே பஸ் ஏறினார்கள். கல் அங்கேயே நின்றது. வேலை முடியவில்லை அல்லவா, சாமி எப்படி வரும்?

அடுத்த வாரம் நமது ஜீப் சாரதி சுனில் அந்தக் கல்லைப் பார்த்தான். சுனில் நல்ல சிங்கள பௌத்தன். காட்டுவழியில் தெய்வத்தைக் கண்டால் ஒரு கிளையை ஒடித்துத் தொங்கவிட்டு, பயணத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது அவர்கள் வழக்கம், நமக்கும் உண்டு. அவன் ஒரு கிளை தொங்கவிட்டான். அவனைப் பார்த்து, சுற்றுலாக்காரரை ஏற்றி வந்த அடுத்த சாரதியும் தொங்கவிட்டான். அன்றைக்கு யாருக்கோ, லேசில் கண்ணில் படாத சிறுத்தை தெரிந்துவிட்டது. போதாதா? கொஞ்ச நாளில் கல்லுக்கு ஒரு சிவப்புத் துணி வந்தது. தேங்காய் வந்தது. பிறகு வாழைப்பழம் சீப்பு சீப்பாக வந்தது. பழையகால ராசா ஒருவர் வைத்த கல் என்று ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதாலேயே கேட்டேன்.

வாழைப்பழத்துக்கு முதலில் குரங்கு வந்தது. பிறகு அவன் வந்தான்.

கொம்பில்லாத, வயசுப் பிள்ளையான ஓர் ஆண் யானை. அதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவன். சாமிக்கு வைத்ததைச் சாப்பிட்டுப் பழகினான். பிறகு, சாமிக்கு வைக்க வருகிற ஜீப்பிலிருந்தே நேராக வாங்கிக்கொள்ளலாமே என்று கண்டுபிடித்தான். பாதையின் குறுக்கே நின்று, ஒவ்வொரு ஜீப்பிலும் தும்பிக்கையை நீட்டி, ஆசனம் ஆசனமாகத் தடவிப் பார்ப்பான். ஏதாவது கொடுத்தால்தான் வழி விடுவான். சுனில் அவனுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள் பழம் கொண்டுவராத ஒரு ஜீப்பின் கூரைக் கம்பியை அவன் வளைத்துவிட்டான். அதோடு சிரிப்பு நின்றது.

பூங்கா பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். குறைவாகப் பேசும் மனிதர். இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றதில் பாதி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

"வாகனத்தை மறிக்கும் யானையை இங்கே வைத்திருக்க எனக்கு அனுமதி இல்லை" என்றார் சிங்களத்தில். "இன்னும் ஒரு முறை நடந்தால் ஊசி போட்டுப் பிடித்து, லொறியில் ஏற்றி, எங்கேயோ அனுப்புவார்கள். அது போகிற இடத்தில் பிழைக்குமோ தெரியாது. பழம் நிற்க வேண்டும். பழம் நிற்க அந்தக் கல் போக வேண்டும்."

"எடுத்துவிடலாம் சேர்."

"யார் எடுப்பது?"

நல்ல கேள்வி. காவலர்களைக் கேட்டேன். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு வீட்டில் மனைவி மாசமாக இருக்கிறாள். காட்டுக்குள் யாருக்கும் பயப்படாத சுனில், "அனே மாத்தயா, மட்ட பே" என்று கையெடுத்துக் கும்பிட்டு என்னால் முடியாது என்றான். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கள் கத்தோலிக்கர்தானே, உங்களுக்கு ஒன்றும் ஆகாது."

என் தாய்வழிப் பாட்டனார் தோட்டத்துக் கோயிலில் பூசை செய்தவர் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. போனேன். கல்லுக்கு முன்னால் நின்றேன். கையை நீட்டினேன். அப்புறம் இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் பயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயத்தை விடப் பெரிய காரணம் ஒன்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. நான் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனால், சாமி காணாமல் போய்விட்டது என்று ஊரெல்லாம் கதை பரவும். நாளைக்கே அதே இடத்தில் புதுக் கல் ஒன்று, முந்தியதை விடப் பெரிதாக நிற்கும். பழமும் இரட்டிப்பாக வரும். சாமி போய்விட்டது என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள், சாமியை வைத்தவர்தான்.

புளத்கொகுபிட்டியவுக்குப் பஸ் ஏறினேன்.

தெய்வானை அக்கா பால் விடாத பிளேன்ரீ கொடுத்து உபசரித்தார். அவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கல் கோயிலாகிவிட்ட செய்தி தோட்டம் பூராவும் பரவி, அவர் மதிப்பு எங்கேயோ உயர்ந்துவிட்டிருந்தது. தோட்டத்துத் துரைமாரே விசாரித்தார்களாம்.

"அக்கா, கல்லை எடுத்துக்கணும்" என்றேன்.

"எடுக்கிறதா? சிங்கள ஆளுங்ககூடக் கும்புடுறாங்களாமே தம்பி. நாங்க வச்ச சாமிங்க அது!"

யானையைப் பற்றிச் சொன்னேன். லொறியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பாவந்தான். சின்னப் பய, திங்கக் கெடச்சா திங்கத்தான் செய்வான். ஆனா தம்பி, வேல முடியலயே. பாதி வேலையில சாமிய எழுப்பினா யாருக்கு நல்லது? நாங்க வந்து மிச்சத்த வெட்டி முடிச்சா, அன்னைக்கே நானே தூக்கிட்டு வந்துர்றேன்."

திரும்பிப் போய்ப் பொறுப்பதிகாரியிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"கல் போகும்வரை அந்தக் கூட்டம் உள்ளே வரக் கூடாது."

"கூட்டம் உள்ளே வரும்வரை கல் போகாது, சேர்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பிமாரே, இப்படிப்பட்ட இடத்தில் மேலதிகாரியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு வழியைச் சொல்லுங்கள். நான் சொன்னேன்: "ஒரு நாள் கொடுங்கள். அவர் அந்தக் கல்லை எல்லார் கண் முன்னாலும் கொண்டு போகட்டும். நாமாக எடுத்தால் அது திருட்டு. அவர் எடுத்தால் சாமி வீட்டுக்குப் போகிறது."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒரு நாள். ஒரு வாழைப்பழம் உள்ளே வந்தாலும் நீயும் அதே லொறியில் போவாய்."

வந்தார்கள். வாசலில் எல்லார் பையையும் நானே பார்த்தேன், தெய்வானை அக்காவின் பையைத் தவிர. தலைவியின் பையைத் திறந்து பார்ப்பதா என்று கூச்சம். அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம்.

வெட்டி முடித்தார்கள். ஒரு வேர் மிச்சமில்லை. கடைசிப் பூசைக்கு எல்லாரும் மரத்தடியில் கூடியபோது, அக்கா பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெளியே எடுத்தார்.

"அக்கா!"

"சாமிய வெறுங்கையோட எப்புடித் தம்பி அனுப்புறது? ஒரே சீப்புத்தாங்க. கும்புட்டுட்டு அப்புடியே திருப்பிக் கொண்டு போயிருவோம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் சாமிக்கு முன்னால் சத்தம் போட முடியவில்லை, பாட்டனார் ரத்தம். பூசை முடிந்தது. அக்கா கல்லின் முன்னால் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது போல, "வேல முடிஞ்சிருச்சுங்க சாமி. ரொம்ப நாளாத் தனியா இருந்துட்டீங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார். கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுனிலின் ஜீப்பில் ஏறினார். மற்றவர்கள் முன்னால் போன வண்டிகளில் போய்விட்டார்கள். நாங்கள் கடைசி.

வளைவு திரும்பினோம். பாதையின் குறுக்கே கண்டக்டர் நின்றான்.

சுனில் இயந்திரத்தை நிறுத்தினான். யானை நிதானமாக வந்தது. பக்கத்தில் நின்று பார்க்கும் யானை, படத்தில் பார்க்கும் யானை இல்லை. தும்பிக்கை உள்ளே வந்து என் தோளைத் தடவியது, சுனிலின் தலையைத் தடவியது, பிறகு நேராக அக்காவின் பக்கம் திரும்பியது. வாசனை தெரியாமல் இருக்குமா?

"பழத்தை எறி மாத்தயா, எறி!" என்று சுனில் கிசுகிசுத்தான். ஜீப் ஒரு குலுக்குக் குலுங்கியது.

எறிந்திருந்தால் அந்த நிமிஷம் நாங்கள் தப்பியிருப்போம். அவன் தப்பியிருக்க மாட்டான். இன்னொரு முறை வாகனத்தை மறித்ததற்குக் கூலி கிடைத்த யானை, அடுத்த முறையும் மறிக்கும். அந்த அடுத்த முறைக்கு லொறி வரும். இப்படியெல்லாம் நான் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். "கையை நீட்டாதீங்க. யாரும் கையை அசைக்காதீங்க" என்று மட்டும்தான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்காவுக்குக் கேட்டது. அவர் பழப் பையை மெதுவாகத் தனக்குக் கீழே தள்ளி, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

தெய்வானை அக்கா எடை குறைந்தவர் இல்லை. தும்பிக்கை அவர் முழங்காலைத் தொட்டது, சேலையைத் தொட்டது, இடுப்புப் பக்கம் போய்த் தோண்டிப் பார்த்தது. அவர் அசையவில்லை. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. மலையில் வேலை வாங்குகிற அதே குரலில், ஆனால் அடக்கி, "இல்லப்பா. முடிஞ்சிருச்சு. இனிமே இங்க ஒண்ணும் கெடையாது. சாமியே போகுது, நீயும் போய் புல்லு தின்னு. போ ராசா" என்றார். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம், நின்றால் ஒரு கை நீளும் என்பதுதான். அன்றைக்கு ஒரு கையும் நீளவில்லை. நின்றான். இன்னும் கொஞ்சம் நின்றான். காதை ஒரு முறை அடித்து, ஒரு பெரிய மூச்சு விட்டு, பின்வாங்கினான். பாதையை விட்டு இறங்கினான். நான் சுனிலின் முதுகைத் தட்டினேன், ஜீப் ஊர்ந்து நகர்ந்தது.

வாசலில் சாரதிகள் கூடி நின்றார்கள். அக்கா இறங்கினார். சேலையின் பின்பக்கம் பூராவும் வாழைப்பழம். அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், துண்டைப் பிரித்துக் கல்லைக் காட்டி, சுத்தமான சிங்களத்தில் அறிவித்தார்: சாமி வந்த வேலை முடிந்துவிட்டது, சாமி புளத்கொகுபிட்டியவுக்குப் போகிறது, கும்பிட வேண்டியவர்கள் அங்கே வாருங்கள், தேநீர் தருகிறேன். சாரதி ஒருவன் பஸ்வரை சாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு போனான். பொறுப்பதிகாரி சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லொறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கண்டக்டர் அந்த மரத்தடிக்கு வந்தான். காத்து நின்றான். அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சாரதிகளிடம் ஒவ்வொரு நாளும் கெஞ்சினேன், பழம் மட்டும் வேண்டாம் என்று. சுனில் எனக்குப் பதிலாக அவர்களோடு சண்டையே போட்டான். பிறகு கண்டக்டர் வரும் நாள் குறைந்தது. பிறகு வரவில்லை. லொறியும் வரவில்லை.

மறு வருசம் தோட்டத்துப் பஸ் திரும்ப வந்தது. முன் ஆசனத்தில், ஜன்னல் ஓரமாக, துண்டு விரித்து, கல் உட்கார்ந்திருந்தது. பூசை வாசலுக்கு வெளியே, பஸ் நிறுத்துமிடத்தில் நடந்தது. "சாமி இங்க பஸ்ஸப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்ங்க" என்றார் அக்கா. இந்த முறை பையை அவரே திறந்து காட்டினார்.

வேலை முடிந்து திரும்பும்போது அதே வளைவில் சுனில் ஜீப்பை நிறுத்தினான். புல்வெளியிலிருந்து கண்டக்டர் வந்துகொண்டிருந்தான். வளர்ந்திருந்தான். பாதையைக் கடந்தான். எங்களுக்கு அத்தனை பக்கத்தில் கடந்தும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் அங்கே இல்லாதது போல, புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறி வாயில் போட்டுக்கொண்டு, நடந்து போய்க்கொண்டே இருந்தான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஒருவன் போனதற்காக நான் சந்தோஷத்தில் அழுதது என் சர்வீசில் அன்றைக்கு மட்டும்தான்.

"ஏன் தம்பி அழுவுறீங்க?" என்றார் அக்கா. அவருடைய கண்ணும் அப்படித்தான் இருந்தது.

"நம்மள மறந்துட்டான் அக்கா."

அவர் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கை இரண்டும் மடியில் கிடந்தன.

"மறக்கட்டும்ங்க" என்றார். "நல்லா இருக்கட்டும்."